பாசி படிக்க வருகிறவர்களுக்கு, பெங்களூருவிலிருந்து

ஜூன் மாதம் நாலு நல்ல மழை விழுந்தால் போதும், அல்சூர் சந்துகளில் காம்பவுண்ட் சுவரெல்லாம் பச்சை பூசிக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் கம்பி பிரஷும் பிளீச்சிங் பவுடருமாக இறங்குவதற்கு முன்னால் அந்தச் சுவரெதிரே பத்து நிமிடம் நிற்கப் பொறுமை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாட்டனி எடுத்துவிட்டு, "பிரையோஃபைட் பக்கம் போகலாமா? அதில் வேலை இருக்கிறதா?" என்று கேட்கிற தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. வேலையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இந்தத் துறையில் ஒருவரை நிலைக்க வைப்பது அவர் மடித்த பாக்கெட்டும் அவர் பிளேடு பிடித்த கையும்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் குளத்தில் மிதப்பதும் பாசி, படியில் வழுக்குவதும் பாசி, சுவரில் மெத்தை மாதிரி இருப்பதும் பாசி. கன்னடத்திலும் பாச்சி என்றுதான் சொல்கிறார்கள். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் அனுமதி கேட்க அந்த ஒரு சொல் போதும். நோட்டில் எழுதும்போது மட்டும் பிரித்தாக வேண்டும். சுவரில் கறுப்பாக, வழவழவென்று படிந்திருப்பது பெரும்பாலும் நீலப்பசும்பாசி. 10 மடங்கு லென்ஸில் தண்டும் இலையும் தெரிந்தால் அது மாஸ். ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டு நாடா போலப் பிரிந்து பிரிந்து வளர்வது ஈரற்செடி. இலை உள்ள ஈரற்செடிகளும் உண்டு, அவை மரப்பட்டையில் அதிகம். தட்டையான உடலிலிருந்து பச்சை ஊசி மாதிரிக் கொம்பு நிமிர்ந்தால் கொம்புச்செடி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிரையோஃபைட். உலகில் ஏறக்குறைய 20,000 இனங்கள், இந்தியாவில் 2,500க்கு மேல்.

பெங்களூருச் சுவரில் முதலில் பழக வேண்டியது ஹயோஃபைலா இன்வோலூட்டா. சிமெண்ட், செங்கல், கருங்கல், கால்வாய் ஓரம் என்று எங்கும் இருக்கும். தண்டு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மார்ச் மாதம் பார்த்தால் பழுப்பு முடிச்சு மாதிரித்தான் தெரியும். ஒவ்வோர் இலையும் இரண்டு விளிம்பையும் உள்பக்கம் சுருட்டிக் குழலாகி, தண்டைப் பார்த்து வளைந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் குழல்கள் பிரிந்து, நாக்கு வடிவ இலைகள் நட்சத்திரமாக விரியும். வேர் இல்லை, நீர் கடத்தும் சைலம் இல்லை, இலை ஒரே செல் தடிமன். தண்ணீர் உடம்பின் மேல் பட்டால் அங்கேயே உள்ளே போகும், காற்று உலர்ந்தால் செடியும் உலரும். நடு நரம்பு இலை நுனிவரை போகிறதா, நுனிப் பக்க விளிம்பில் பல் இருக்கிறதா, வித்துப்பை (வித்து, அதாவது ஸ்போர், உண்டாகும் சின்னப் பை) நேராக உருளையாக நிற்கிறதா என்று பாருங்கள். மூடி விழுந்த வித்துப்பையின் வாயில் பல் வரிசையே இருக்காது. இலைக் கக்கங்களில் சின்னக் காம்பின் மேல் ஜெம்மாக்கள் (உதிர்ந்து புதுச் செடியாக வளரும் சிறு மொட்டுகள்) இருந்தால் இன்னும் உறுதி.

அதே சுவரில், பல சமயம் அதே கைப்பிடியில், வெள்ளி நிறமாக இன்னொன்று கலந்திருக்கும். அது பிரையம் அர்ஜென்டியம். இலையின் மேல்பாதிச் செல்களில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளி. ஒரு கிள்ளில் இரண்டு இனம் வருவது இந்தத் துறையின் அன்றாடம். அதைக் கவனிக்காமல் ஒரே பெயர் எழுதிவிட்டால் உலர்ந்த செடி மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியத்தில் தவறு பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருக்கும். அதையே அரைத்து டிஎன்ஏ எடுத்தால் வரிசையில் இரண்டு செடிகளும் கலந்து வரும்.

சேகரிப்புக்கு அதிகம் தேவையில்லை. 10 மடங்கு, 20 மடங்கு லென்ஸ், மழுங்கலான சின்னக் கத்தி, பென்சில், காகிதப் பாக்கெட். பாக்கெட்டைக் கடையில் வாங்காதீர்கள், மடியுங்கள். ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, மேலே 7 சென்டிமீட்டர் விட்டுக் கீழ்ப்பாதியை மேலே மடக்குங்கள். விட்ட 7 சென்டிமீட்டரை அதன்மேல் கீழே மடக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் 3.5 சென்டிமீட்டர் பின்னால் மடக்குங்கள். 14க்கு 11 அளவில் பசை இல்லாமல், வித்து கொட்டாமல் நிற்கும். மேல் மடிப்பில்தான் விவரம் எழுத வேண்டும், அதுவும் செடியைப் போடுவதற்கு முன்பே. ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து பரவி எண் போய்விடும். எண் போன பாக்கெட் வெறும் குப்பை.

என்ன எழுதுவது? தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம் (பெங்களூரு சுமார் 920 மீட்டர்). இவற்றைவிட முக்கியம் எதன்மேல் வளர்ந்தது என்பது. "சுவர்" என்று எழுதினால் போதாது. சுண்ணாம்புப் பூச்சா, சிமெண்டா, கருங்கல்லா? மரமென்றால் என்ன மரம், தரையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை? பனை, தென்னை, ஈச்ச மரங்களின் தண்டில் வெளிறிய பச்சைத் திண்டாக ஆக்டோபிளெஃபாரம் அல்பிடம் உட்காரும். இப்படி இடத்தை வைத்தே பாதி இனங்களை ஊகிக்கும் பழக்கம் வர வேண்டும்.

பிளாஸ்டிக் கவரில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை. பூச்செடி போலப் பிரஸ்ஸில் வைத்து நசுக்கினால் வித்துப்பை உடைந்துவிடும், திண்டின் வடிவமும் போய்விடும். பிழிந்து, மண்ணைத் தட்டி, பாக்கெட்டைத் திறந்து வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். ஆகஸ்ட் மாத பெங்களூருவில் அதற்கு மூன்று நாள்கூட ஆகும். அவசரப்பட்டுச் சூடான ஓவனில் வைக்க வேண்டாம். எடுக்கும் அளவு, சிறு மாஸுக்குக் கட்டைவிரல் நகம், பெரியதற்கு உள்ளங்கை. சுவரில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்ச வேண்டும்.

ஈரற்செடிக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு பகுதியை மூடி போட்ட சின்ன டப்பாவில் உயிரோடு கொண்டுவாருங்கள். அதன் செல்களில் எண்ணெய்த் துகள்கள் இருக்கும். எத்தனை, என்ன வடிவம், வழவழப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் இனத்தைப் பிரிக்கும் அடையாளங்கள். செடி காய்ந்தால் அவை மறைந்துவிடும், திரும்ப நனைத்தாலும் வராது. வந்த இரண்டு மூன்று நாளுக்குள் நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்து, வரைந்து, அந்தத் தாளைப் பாக்கெட்டுக்குள் போடுங்கள். கொம்புச்செடியையும் உயிரோடு பார்ப்பது நல்லது. பல இனங்களில் ஒரு செல்லுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம், அதன் நடுவில் பைரினாய்டு என்ற புரதத் திரள். நிலத்தாவரங்களில் பைரினாய்டு உள்ளது இந்தக் கூட்டத்தில் மட்டும்தான்.

அனுமதி விஷயத்தில் சறுக்காதீர்கள். லால்பாக், கப்பன் பார்க் இரண்டும் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருகின்றன. கல்லூரிக் கடிதத்தோடு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கிள்ளுகூட எடுக்கக் கூடாது. காப்புக்காடென்றால் வனத்துறை அனுமதி. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே தென்மேற்குப் பருவமழைக்குப் போக நினைப்பவர்கள் ஜனவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சுவருக்கு யாரையும் கேட்க வேண்டாம். முதல் ஐம்பது பாக்கெட்டுகள் அங்கேயும் பூந்தொட்டிகளிலும் கிடைக்கும்.

இனி பிளேடு. பெயர் கண்டுபிடிப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இலையின் குறுக்குவெட்டில்தான். பொறுமையாகக் கற்றுக்கொண்டால் இரண்டு வாரத்தில் கைக்கு வரும்.

சாதாரண ஷேவிங் பிளேடு போதும். காகித உறையோடு நீளவாக்கில் ஒடித்து இரண்டாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த தண்டு ஒன்றை வெந்நீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். நனைய மறுக்கிற இனமென்றால் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசிமுனை அளவு சேருங்கள், காற்றுக்குமிழி ஓடிவிடும். ஒரு ஃபோர்செப்ஸால் தண்டின் நுனியைப் பிடித்து, இன்னொன்றால் இலையைக் கீழ்நோக்கி இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அடிப்பாகம் தண்டிலேயே தங்கிவிடும், அடிமூலைச் செல்களைப் பார்க்க முடியாது. நாலைந்து இலைகளை ஸ்லைடில் பக்கம் பக்கமாக அடுக்கி, டிஷ்யூ காகித முனையால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். ஈரம் மிஞ்சினால் இலை நீந்தும், முழுக்கக் காய்ந்தால் சுருளும். பளபளப்பு போய் ஈரம் மட்டும் தங்கிய நிலைதான் சரி.

அதன்மேல் இரண்டாவது ஸ்லைடை வைத்து, இலைகளின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரலால் அழுத்துங்கள். மேல் ஸ்லைடின் விளிம்புதான் உங்களுக்கு ஸ்கேல். பிளேடை அதையொட்டி இறக்கி வெட்டுங்கள். ஸ்லைடை மயிரிழை பின்னுக்குத் தள்ளி மறுபடி வெட்டுங்கள். இருபது துண்டு வெட்டினால் இரண்டு நன்றாக வரும், அதுவே போதும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்குவெட்டுக்குப் பதில் இலையின் மேற்பரப்பே தெரியும். காரணம் எளிது. வெட்டிய துண்டின் அகலம் இலையின் தடிமனைவிட அதிகமாகிவிட்டால் துண்டு ஒருக்களித்துப் படுத்துவிடும். இலை ஒரு செல் தடிமன்தானே, அதைவிட மெல்லிசாக வெட்டினால்தான் துண்டு சரியான பக்கம் காட்டும். துண்டு கிழிந்தும் நசுங்கியும் வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதிரிகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பிளேடில் சிக்கனம் வேண்டாம்.

சரியாக வந்த வெட்டில் நடு நரம்பைப் பாருங்கள். ஹயோஃபைலாவில் பெரிய செல்கள் ஒரு வரிசையாக நடுவில் ஓடும். அதற்கு மேலும் கீழும், சுவர் தடித்துத் துவாரம் குறுகிய சின்னச் செல்கள் கொத்தாக இருக்கும். ஹயோஃபைலா சேர்ந்த பாட்டியேசீ குடும்பத்தில் பெரும்பாலும் இந்த இரட்டைக் கொத்து அமைப்புதான். இது தெரிந்துவிட்டால் நூற்றுக்கணக்கான பேரினங்கள் ஒரே வீச்சில் கழிந்துவிடும்.

நிரந்தர ஸ்லைடுக்குப் பழைய ஆட்கள் ஹாயர் திரவம் வைப்பார்கள். 50 மில்லி தண்ணீர், 30 கிராம் கருவேல வகைப் பிசினான அரபிக் கோந்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மில்லி கிளிசரின், இந்த வரிசையிலேயே கரைக்க வேண்டும். செல்கள் கண்ணாடி மாதிரித் தெளியும். ஆனால் குளோரல் ஹைட்ரேட் மயக்க மருந்து, நச்சு. மாணவர்களுக்குக் கிளிசரின் ஜெல்லியே போதும் என்பேன். ஹாயர் வைத்தால் கண்ணாடி விளிம்பை நெயில் பாலிஷாவது பூசி அடையுங்கள், இல்லையேல் சில வருடங்களில் காய்ந்து படிகம் பிடிக்கும்.

மழை முடிகிற செப்டம்பர், அக்டோபரில் பூந்தொட்டி மண்ணில் ரோஜாப்பூ வடிவில் ரிக்சியா பரவும். அழகாக இருக்கும்போது எடுத்தால் பெயர் சொல்ல முடியாது. வித்து முற்ற வேண்டும். உடல் பழுத்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியும்வரை காத்திருந்து எடுங்கள். வித்தின் மேல் உள்ள வலைப்பின்னலில்தான் இனத்தின் அடையாளம் இருக்கிறது.

பெயர் தேட எதை நாடுவது? தென்னிந்திய மாஸுக்குப் பழனி மலை நல்ல அடித்தளம். ஷெண்பகனூரில் இருந்த யேசு சபைப் பாதிரியார் ஃபோரோ பல பத்தாண்டுகள் அங்கே சேகரித்து, 1961இல் பழனி மலை மாஸ்களைத் தொகுத்து வெளியிட்டார். கங்குலி 1969 முதல் 1980 வரை வெளியிட்ட கிழக்கிந்திய மாஸ் தொகுதிகள் இன்றும் மேசையில் இருக்க வேண்டியவை. ஆனால் கிழக்குக்கு எழுதிய திறவுகோலை (குணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலை) கர்நாடகச் செடிக்கு அப்படியே பொருத்தினால், இங்கே மட்டும் உள்ள இனத்துக்குத் தவறான பெயர் வந்து விழும். திறவுகோல் சொன்ன பெயரின் முழு வர்ணனையையும் படித்து, ஒரு குணம் இடித்தாலும் நிறுத்துங்கள்.

இதெல்லாம் வகைப்பாட்டு வழி. இன்னொரு வழி ஆய்வகம். அங்கே மாதிரிச் செடியாக வளர்ப்பது மாஸில் ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ், ஈரற்செடியில் மார்கான்ஷியா பாலிமார்ஃபா. முன்னதன் மரபணுத் தொகுதி 2008இலும் பின்னதன் தொகுதி 2017இலும் வெளிவந்தன. ஃபிஸ்கோமிட்ரியத்தில் ஒரு ஜீனைக் குறிவைத்து அதே இடத்தில் மாற்ற முடியும், பூச்செடிகளில் அது அவ்வளவு சுலபமில்லை. அதன் இளம் பருவ இழைகளை வாரம் ஒருமுறை அரைத்து, அகார் மேல் செல்லோஃபேன் விரித்து, 25 டிகிரியில் வளர்ப்பார்கள். இனப்பெருக்க உறுப்பு வேண்டுமென்றால் 15 டிகிரி, தினம் 8 மணி நேர வெளிச்சம். வெளியே சாதாரண அறையில் வைத்துவிட்டு வித்துப்பை வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிஸ்கோமிட்ரியத்தில் உலகெங்கும் புழங்கும் கிரான்ஸ்டன் வகை, 1962இல் இங்கிலாந்தில் எடுத்த ஒரே வித்திலிருந்து வந்தது. பல ஆய்வகங்களில் அரைத்து அரைத்தே வளர்த்ததால் அதன் ஆண் வளம் குன்றிவிட்டது. கலப்பு செய்ய வேண்டியவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த ராய்ட்டே வகையை எடுப்பது இதனால்தான். செடியின் வாழ்க்கைச் சுற்றைச் சுவரில் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கோளாறு சட்டென்று பிடிபடும்.

மூன்றாவது வழி தொல்தாவரம். நிலத்தில் செடி வந்ததற்கான மிகப் பழைய தடயங்களில் சுமார் 47 கோடி ஆண்டு வயதுள்ள வித்துகள் உண்டு. கிளை பிரிந்த குக்சோனியா என்ற ஆதிச் செடி சுமார் 43 கோடி, ஸ்காட்லாந்தின் ரைனி கல்லில் செல் செல்லாக உறைந்த செடிகள் சுமார் 40.7 கோடி. இதைப் படிக்க ஆசைப்படுபவர்கள் பெங்களூருவை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். லால்பாக் பாறை சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ் (gneiss) என்ற பாறை வகை, செடி பிறப்பதற்கு வெகு முன்னால் உருவாகி வெந்து உருமாறியது. நாட்டில் இதற்கான முதன்மையான இடம் லக்னோவில் 1946இல் பீர்பல் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனம். பாறையிலிருந்து வித்தைப் பிரிக்க முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். வரிசை மாறக் கூடாது. சுண்ணாம்பு மிச்சமிருக்கும்போது இரண்டாவது அமிலம் விட்டால் கால்சியம் ஃபுளோரைடு படிந்து வித்துகளை மூடிவிடும். அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் உடனே வலிக்காமலே உள்ளே எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாசி ஆய்வாளர் எம். ஓ. பி. அய்யங்கார் 1932இல் ஈர மண்ணில் வாழும் ஃபிரிட்ஷியெல்லா என்ற பச்சைப்பாசியை விவரித்தார். மண்ணுக்குள் ஒரு பாகம், மேலே ஒரு பாகம் என்று அது வளர்வதால், பாசி நிலமேறியதற்கு அதை மாதிரியாகப் பல பாடநூல்கள் காட்டின. பிறகு டிஎன்ஏ வேறு வழி காட்டியது. நிலத்தாவரங்களின் நெருங்கிய உறவு, ஸ்பைரோகைரா சேர்ந்த கூட்டம். அய்யங்காரின் கவனிப்பில் பிழையில்லை, உறவு முறைதான் மாறியது.

வேலைக்கு வருவோம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. பாட்டனி, பிறகு ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. லைஃப் சயின்ஸ் தாள் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி மதிப்பெண் சி பிரிவு, 75 கேள்வியில் 25க்கு விடை எழுதினால் போதும். பிரையோஃபைட் கேள்வி மிகக் குறைவு, ஆகவே பாசி படிப்பதும் நெட் படிப்பதும் தனித்தனி வேலை என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூரு வாடகையில் இது இறுக்கிப் பிடித்தால் ஒருவருக்குப் போதும்.

"பிரையாலஜிஸ்ட் தேவை" என்ற விளம்பரத்தை எதிர்பார்க்காதீர்கள். பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவில் பாட்டனிஸ்ட் பதவி யுபிஎஸ்சி வழியாக வரும். அதன் தென்மண்டல மையம் கோயம்புத்தூரில். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அரசின் செட் தகுதித் தேர்வு, பேட்டியில் மரபியலும் பூக்கும் தாவரமும் கேட்பார்கள். வழிகாட்டி தேடும்போது ஊரைப் பார்க்காதீர்கள். லக்னோவிலும் கோழிக்கோட்டிலும் பிரையோஃபைட் மரபு வலுவானது. சேர்வதற்கு முன் அங்கே ஹெர்பேரியம் இருக்கிறதா, பழைய மாணவர்களின் பாக்கெட்டுகளைத் திறந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். மாதிரிகளை டெபாசிட் செய்யாத இடத்தில் ஐந்து வருடம் போட வேண்டாம்.

காற்று மாசுத் திட்டங்களிலும் வேலை வருகிறது. உலோகங்களை மாஸ் உடம்பு முழுக்க உறிஞ்சுவதால் 1960களின் இறுதியிலிருந்து ஸ்வீடனில் அதை அளவுகோலாக வைத்தார்கள். பெங்களூருச் சுவர் மாஸை அப்படியே அளந்தால் சிமெண்ட், மண் தூசிக் கணக்குதான் வரும். சுத்தமான இடத்து மாஸை வலைப்பையில் கட்டிச் சில வாரம் தொங்கவிட்டு, தொங்கவிடாத பையோடு ஒப்பிடுவதே இங்கே நம்பகம்.

இந்த மழைக்கே தொடங்குபவர்களுக்கு எண் போடும் முறை. ஆண்டுக்கு ஒரு வரிசை, ஊருக்கு ஒரு வரிசை வேண்டாம். முதல் பாக்கெட் 1, அங்கிருந்து ஆயுளுக்கும் ஒரே வரிசை. பாக்கெட்டில் இருப்பதே நோட்டுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்து இரண்டாவது இனம் தட்டுப்பட்டால், அதைத் தனிப் பாக்கெட்டுக்கு மாற்றி 1அ என்று எழுதி, முதல் பாக்கெட்டின் மேலும் "1அ பார்க்க" என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.